காட்டுக்கு முதல் பாட்டு

மலையூர்க் கல்யாணத்துக்காகப் புளியமரக் கிளையில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்த சிங்காரத்துக்கு, கீழே நின்ற பாஞ்சாலை கேட்டது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. மணப்பெண்ணின் தாய் அவள். தலைக்கு மேல் வேலை கிடக்க, அதையெல்லாம் விட்டுவிட்டு, பாட்டுத் தட்டுகள் பழசா புதுசா என்று விசாரிக்க வந்திருந்தாள்.

புதுசு என்றால் அப்படி இப்படிப் புதுசில்லை. மலைக்குக் கீழே கலசப்பாக்கத்தில் மைக் செட் வைத்திருப்பவர்களில் மெட்ராசுக்கே போய் இசைத்தட்டு வாங்கி வருகிறவன் சிங்காரம் ஒருவன்தான். இந்தத் தடவை பெட்டியில் நாதஸ்வரம் இருந்தது, அம்மன் பாட்டு இருந்தது, பொங்கலுக்கு வந்த படப்பாட்டு இருந்தது. பாட்டே இல்லாமல் கிடாரை மட்டும் அழவிடும் இங்கிலீஷ் தட்டு ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில், ஜிகினா ஒட்டிய அட்டைக்குள், ஒரு பெண் பாடிய தமிழ் டிஸ்கோ. மரத்திலிருந்து இறங்கி அத்தனையையும் பெருமையாக எடுத்துக் காட்டினான்.

பாஞ்சாலையின் முகம் மாறிவிட்டது. இந்த மலையில் புதுச் சாமையைக் காட்டுச் சாமிக்குப் படைக்காமல் உலையில் போட மாட்டார்கள். மைக் செட் மலையேறிய நாளிலிருந்து பாட்டுக்கும் அதே முறைதான் என்றாள். குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பிவிட்டு, ஊர் மொத்தமும் கதவைச் சாத்தி, காதைப் பொத்தி உட்கார வேண்டும். காடு கேட்டு முடித்த பிறகுதான் மனுசருக்கு.

"சாமிக்கு டிஸ்கோ புடிக்குமாக்கா?" என்றான் சிங்காரம்.

"புடிக்குதோ புடிக்கலயோ, நமக்கு இன்னாத்துக்கு? நமக்கு முந்தி அது கேக்கணும், அவ்ளோதான்." பாஞ்சாலை சிரிக்கவில்லை. "எம் பெரிய பொண்ணு சின்னதுல ஒரு புடி புதுச் சாமைய வாயில போட்டுக்கினா. இன்னி வரைக்கும் அவ நாக்குல உப்பு ஒறைக்கல. அதான் கேக்கறேன் தம்பி. இதுல எதுனா நீங்க முன்னாடியே கேட்டுட்டீங்களா?"

சிங்காரம் தன் மனைவி ரஞ்சிதத்தைப் பார்த்தான். மைக்கில் பேசுவது அவள்தான். சிங்காரம் செட் என்று சுற்று வட்டாரத்தில் யாரும் சொல்வதில்லை. அந்தப் பொம்பளை பேசுற செட் என்றுதான் பேர். தேன் தடவின மாதிரி என்பார்களே, அப்படிப்பட்ட குரல் இல்லை அது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் குறும்பு. அதைக் கேட்டுத்தான் அவன் அவளைக் கட்டிக்கொண்டான். மற்ற தட்டுகளை இன்னும் ஓட்டவில்லை என்பது உண்மை. டிஸ்கோ தட்டு மட்டும் வாங்கி வந்த நாள் முதல் வீட்டில் ஓயவில்லை. அடுப்பு ஊதும்போதும் பாடினாள், ஜீப்பில் மலையேறும்போதும் பாடிக்கொண்டே வந்தாள். ஆனால் கேட்டாயிற்று என்று ஒப்புக்கொண்ட ஒரு செட்டைப் போன வருஷம் இந்த ஊர் அப்படியே திருப்பி அனுப்பியதாக ஜீப் டிரைவர் துரைக்கண்ணு சொல்லியிருந்தான்.

"பிளேயர் முள்ளே படாத தட்டு அக்கா," என்றான் சிங்காரம், கூசாமல்.

பாஞ்சாலை நகர்ந்ததும் ரஞ்சிதம் அவன் விலாவில் இடித்தாள். "சாமிகிட்டயேவா ரீல் வுடற?"

வெயில் சாயத் தொடங்கியபோது கதவுகள் சாத்திக்கொண்டன. தட்டு மாற்ற ஆள் வேண்டுமே என்று காதில் பஞ்சடைத்து, மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு சிங்காரம் மட்டும் வெளியே நின்றான். நாதஸ்வரம் சுழன்றது, அம்மன் சுழன்றாள், படப்பாட்டு சுழன்றது, கிடாரும் ஆயிற்று. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. எதிரே காடு அசையாமல் நின்றது. காற்று அவன் வேட்டியை இழுத்தது. ஆனால் மரங்களில் ஓர் இலை ஆடவில்லை. பந்தியில் பேச்சு நின்று எல்லோரும் ஒருவனையே பார்ப்பார்களே, அந்த மாதிரி இருந்தது.

கடைசியாக டிஸ்கோ தட்டில் முள்ளை வைத்தபோது ரஞ்சிதம் கல்யாண வீட்டிலிருந்து வெளியே வந்துவிட்டாள். காதில் பஞ்சில்லை. தலையை ஆட்டிக்கொண்டு, கூடவே பாடுகிறாள் என்பது உதடு அசைவதில் தெரிந்தது. சட்டென்று கையைத் தொண்டைக்குக் கொண்டுபோனாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

சிங்காரம் துண்டை உருவினான், பஞ்சைப் பிடுங்கினான். குழாயில் பாடிக்கொண்டிருந்தது தட்டில் பாடிய பாடகியில்லை. அதே கரகரப்பு, அதே குறும்பு. ரஞ்சிதம். பக்கத்தில் வாயைத் திறந்து நின்றவளிடமிருந்து மூச்சு மட்டும் வந்தது.

மறுநாள் காலை தாலி கட்டும் நேரத்தில் அதே தட்டைப் போட்டுப் பார்த்தான். மேளம் வந்தது, கிடார் வந்தது. குரல் வரவேண்டிய இடமெல்லாம் வெறுமையாகச் சுழன்றது. ரஞ்சிதம் விடாமல் மைக்கைப் பிடித்து வரவேற்புச் சொல்ல முயன்றாள். குழாய் கரகரத்தது. மைக் ரிப்பேர் என்று சனங்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். பாஞ்சாலைக்கு மட்டும் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ ரஞ்சிதத்தின் கன்னத்தை வழித்து, பொய் சொன்னவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

"குடுக்கறதுதான் தம்பி எங்க பழக்கம். குடுத்தத திருப்பிக் கேட்டதில்ல. எப்டிக் கேக்கறதுன்னு யாருக்கும் தெரியாது."

மதியம் ஜீப் இறங்கியது. பின்புறம் குழாய், பாட்டரி, பெட்டி எல்லாம் கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம், பயத்தில் அடைத்த தொண்டை தானே திறந்துவிடும் என்று சிங்காரம் துரைக்கண்ணுவிடம் பேசிக்கொண்டே வந்தான். அப்படிப் பேசாவிட்டால் அழுதுவிடுவான். ஒரு வளைவு தாண்டியதும் திரும்பி, "தண்ணி வேணுமா ரஞ்சிதம்?" என்று கேட்டான்.

அவள் வாயைத் திறந்தாள்.

"வேணாம்," என்றது குரல், ஜீப்புக்குப் பின்னாலிருந்து, மலைச்சரிவு மரங்களுக்குள்ளிருந்து.

துரைக்கண்ணு திரும்பிப் பார்க்காமல் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். ஜீப் இன்னும் வேகமாக இறங்கியது. சிங்காரம் அவள் பெயரைச் சொன்னான். இம்முறை பதில் வர நேரமாயிற்று. சின்னதாக, இன்னும் மேலேயிருந்து வந்தது. "இன்னாங்க?"

"நிறுத்துப்பா," என்றான் சிங்காரம்.

எஞ்சின் அணைந்தது. ரஞ்சிதம் பின்பக்கம் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, காட்டைப் பார்த்து விடாமல் வாயசைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். சிங்காரம் சாலையில் இறங்கி, வந்த வழியே ஓரடி மேலே எடுத்து வைத்து, உள்ளங்கையைக் காதோரம் குவித்து நின்றான்.