ஜாய்சியின் ஐந்து மணி ஜெபம்

ஜாய்சி ஜெபிக்க ஆரம்பித்தால் பாளையங்கோட்டையில் அவள் தெருவே விழித்துக்கொள்ளும். காலை ஐந்து மணிக்கு முழங்காலில் நின்றாளென்றால், ஒடிசாவில் மிஷனரி ஊழியம் செய்கிற குடும்பம், குஜராத்தில் பள்ளிக்கூடம் நடத்துகிற குடும்பம் என்று ஒருவர் விடாமல் பேர் சொல்லி மன்றாடுவாள். அவர்கள் வீட்டில் எந்தப் பிள்ளைக்கு இழுப்பு, எந்தப் பிள்ளை கணக்கில் தேறவில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. இருபது வருஷமாக, உலை வைக்கும்போதெல்லாம் அவர்களுக்கென்று ஒரு கைப்பிடி அரிசி எடுத்து வைத்து, மாதக் கடைசியில் சர்ச்சில் கொண்டு கொடுக்கிறவள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் பக்கத்து வீட்டுப் படியேறி இயேசுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை என்றால் யாராவது நம்புவார்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தவள் தேன்மொழி. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத்தை மூடி எல்லாரும் மலை இறங்கியபோது, புருஷனைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தவள். வந்ததிலிருந்தே அந்த மனுஷர் படுக்கைதான். இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். சர்ச்சில் பெண்கள் கூட்டம் கூடி, இந்த வருஷம் ஒவ்வொருவரும் தங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காவது சுவிசேஷம் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்தபோது, முதல் ஆளாகக் கை தூக்கியது நம்ம ஜாய்சிதான். தேன்மொழி வீடு என்று அங்கேயே சொல்லியும்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். இயேசுவைப் பற்றி அச்சடித்த ஒரு கைப்பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போவாள். தேன்மொழி கதவைத் திறந்ததும், "ஒங்க வீட்ல தண்ணி வந்துட்டா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவாள். இன்னொரு நாள் கரண்டு, அடுத்த நாள் கேஸ். மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? முகத்தைத் திருப்பிக்கொண்டால்? பயம்தான், வேறென்ன. சித்திரை வெயிலில் தேன்மொழியின் புருஷர் இறந்துபோனார். துட்டி கேட்கப் போனவள், அன்றைக்கும் வாசலோடு நின்றுவிட்டு வந்தாள்.

இப்போது தேன்மொழி ஊரை விட்டே கிளம்புகிறாள். மூணாறு பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். இன்றைக்கே பயணம். மத்தியானம் சேதி கேட்ட ஜாய்சிக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னைக்கும் சொல்லலன்னா, நான் என்னத்துக்கு ஜெபிக்குதேன்?" என்று தன்னையே வைதுகொண்டு புறப்பட்டாள்.

கட்டி வைத்த மூட்டைகளுக்கு நடுவில் தேன்மொழி தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கக்கா. சேர்கூட இல்ல, இந்த மூட்ட மேல இருங்க."

வீட்டிலிருந்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. "ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு ரொம்ப நாளா..." என்று ஜாய்சி இழுத்தாள்.

"நானும் ஒண்ணு சொல்லணும்க்கா. காலம்பற நீங்க ஜெபம் பண்ணுவீகல்லா, அது இங்கன நல்லாக் கேக்கும்."

"ஐயையோ! தூக்கத்தக் கெடுத்துட்டனா?"

"அவருக்கு எங்கக்கா தூக்கம்? ராத்திரி பூரா இருமிட்டு, ஒங்க சத்தம் கேட்டதும் பேசாமக் கெடப்பாரு. அந்த ஒடிசாப் பிள்ளைக்கு இழுப்பு நிக்கணும்னு நீங்க அழுவீகளா, இவருக்கும் கண்ணு கலங்கிரும். 'ஆரு பெத்த பிள்ளைக்கோ அழுவுதாவ பாரு. ஒரு நா நம்மளயும் சொல்லுவாவ'ம்பாரு. தெனமும் காது குடுத்துக் கேட்டாரு. கடைசி நா வரைக்கும் கேட்டாருக்கா."

அந்தக் குரலில் குறையே இல்லை. அதுதான் ஜாய்சியைக் கொன்றது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷர் தன் பேர் வருமா, வருமா என்று காத்துக் கிடந்திருக்கிறார். அவளோ ஜெபத்தில் தினமும் ஆயிரம் மைல் தாண்டிப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள்.

"என்னய மன்னிச்சிரு தாயி" என்றாள். "எனக்கு... எனக்கு அவரு பேருகூடத் தெரியாதே."

தேன்மொழி நிமிர்ந்து பார்த்தாள். "அருணாசலம்" என்றாள். பிறகு, "இப்பம் சொல்லுங்கக்கா. அவரு கேக்க ஆசப்பட்டத நானாவது கேட்டுட்டுப் போயிருதேன்" என்றாள்.

ஜாய்சி அந்த வெறுந்தரையில் முழங்காலிட்டாள். "ஆண்டவரே, அருணாசலம்..." என்றாள். அவ்வளவுதான். மூச்சு விடாமல் அரை மணி நேரம் ஜெபிக்கிறவளுக்கு அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. தேம்பித் தேம்பி அழுதாள். தேன்மொழிதான் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

அழுகை அடங்கியதும் தேன்மொழி பையக் கேட்டாள்: "முன்ன பின்ன பாக்காத பிள்ளைகளுக்கெல்லாம் அழுவுதீகளே, அப்படி அழ ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க கூப்பிடுத அந்த ஆண்டவருதானா? அவரு ஆருக்கா?"

ஆட்டோ வர இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ஜாய்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூட்டை முடிச்சுகளை ஒரு தடவை சுற்றிப் பார்த்தாள்.

"இயேசுவுக்கும் தல சாய்க்க ஒரு எடம் கெடையாது பிள்ள" என்று சொல்லத் தொடங்கினாள்.