மினுங்காத நாற்பது விநாடி

1

இந்தக் கதை எனக்குச் சும்மா கிடைக்கவில்லை. பேரம் பேசித்தான் வாங்கினேன். பழவங்காடியில், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க நின்ற வரிசையில், எனக்கு முன்னால் ஆவுடைத்தாய் நின்றாள். கரமனையில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருப்பவள், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை. காலடியில் ஒரு பெரிய கூடை நிறையத் தேங்காய். எண்ணினேன். மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு அடுத்தவர் கூடையை எண்ணாமல் நிற்க முடியாது.

"இத்தனையுமா உடைக்கப் போறே? அப்படி என்ன வேண்டுதல்?"

"கரை திரும்பின படகு ஒண்ணுக்கு ஒரு தேங்காயாக்கும், அண்ணாச்சி."

"எந்தப் படகு?"

அதைச் சொல்ல மாட்டேன் என்றாள். (வேண்டாம் என்று படியிறங்குகிறவரைத்தான் எங்கள் கடையில் இரண்டாவது தடவை கூப்பிடுவோம்.) வரிசை நகர்ந்து தேங்காய் உடைக்கும் இடத்துக்கு வருவதற்குள் பேரம் படிந்தது.

"எல்லாம் சொல்லுகேன். ஆனா கூடையில நீங்க எண்ணினத மட்டும் எழுதப்பிடாது, கேட்டேளா?"

நான் எண்ணியது அவளுக்கு எப்படித் தெரியும்? உதடு அசைந்திருக்கும்.

2

எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "அன்று கடல் கொந்தளித்துக்..."

வேண்டாம். கதை நடந்த இடத்திலிருந்து கடலைப் பார்க்கவே முடியாது. நாலாவது மாடி, கண்ணாடி ஜன்னல், எதிரே இன்னொரு கண்ணாடிக் கட்டடம்.

இரண்டாவது: "ஆவுடைத்தாய் தன் பெரிய விழிகளை..."

இதை அவள் படித்தால் நான் கரமனையில் குடியிருக்க முடியாது.

மூன்றாவது: பிற்பகல் மூன்று பத்து. பெட்டியின் சூடு எழுபத்தெட்டு.

இது போதும்.

3

பெட்டி என்றால் சர்வர். கீழ்த்தளத்து அறையில் இருந்தது. அதற்குள் கையால் தொட முடியாத இன்னொரு கணினி ஓடிக்கொண்டிருந்தது, மெய்நிகர் கணினி. அது ஒரு படகுச் சங்கத்துக்கானது. படகிலிருக்கும் கருவி தான் எங்கே நிற்கிறது என்று சில விநாடிக்கு ஒருமுறை சொல்லும். ஆபத்தென்றால் சிவப்புப் பொத்தான். புயல் எச்சரிக்கை வருவதற்கு முன்பே போய்விட்ட நாற்பத்தொரு படகுகள் அன்று வெளியே இருந்தன. காற்று ஏறிக்கொண்டிருந்தது. இடி விழுந்ததில் சர்வர் அறையின் ஏசி போயிருந்தது. சூடு தொண்ணூறைத் தொட்டால் பெட்டி தானாக அணையும். வேறெங்காவது மறுபடி எழுப்ப இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தில் எந்தப் படகுக்காரன் பொத்தானை அழுத்தினாலும் கேட்க ஆளில்லை.

ஒரு வழி இருந்தது. மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே, ஓட ஓட, பக்கத்துக் கட்டடத்திலிருக்கும் இன்னொரு பெட்டிக்கு மாற்றலாம். வியாபாரம் நடக்கும்போதே கடையை எதிர்வரிசைக்கு மாற்றுவது மாதிரி. சரக்கையெல்லாம் ஒரு நடை கொண்டுபோய் வைக்கிறீர்கள். அதற்குள் பழைய கடையில் ஆட்கள் எதையெதையோ புரட்டிப்போட்டிருப்பார்கள். புரண்டதை மட்டும் மறுநடையில் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு நடையிலும் மிச்சம் குறைந்துகொண்டே வந்து, கைக்குள் அடங்கும்போது ஒரு நொடி ஷட்டரை இறக்கிவிட்டு அங்கே திறந்துவிடலாம்.

குறைந்தால்.

4

மிச்சம் ஒன்பது ஜிபி. அடுத்த நடையில் ஒன்பது. அதற்கடுத்து ஒன்பது புள்ளி ஒன்று. கம்பி கொண்டுபோகும் வேகத்துக்கு இங்கே நினைவகம் மாறிக்கொண்டிருந்தது.

"எண்பத்தொண்ணு ஆயிடுத்து, ஆவுடை," என்றார் போனில் பட்டாபி. சர்வர் அறையில் இருந்தவர். "கதவைத் தொறந்து பெடஸ்டல் ஃபேனைப் போட்டிருக்கேன். கல்யாண மண்டபத்துல சமையல்கட்டு மாதிரி இருக்கு."

"ஃபேனை இன்னும் கிட்ட வைங்க சாமி."

"இதுக்கு மேல கிட்ட வச்சா நான்தான் வெளில நிக்கணும்."

(பட்டாபியின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆவுடைத்தாய் சொன்ன கதையில் அந்த அறையில் வெறும் தெர்மாமீட்டர்தான் இருந்தது. ஆனால் தெர்மாமீட்டருக்கு வாய் கிடையாது. அதனால் கரமனை அக்ரஹாரத்திலிருந்து ஒருவரை வரவழைத்திருக்கிறேன். இனி அவரைப் போகச் சொல்ல மனசில்லை.)

கணினியின் வேகத்தைக் குறைக்கலாம், மாற்றமும் குறையும். ஆனால் வேகம் குறைந்தால் படகுகளின் செய்தி வரிசையில் நிற்கும். சிவப்புப் பொத்தானும் நிற்கும். அதை அவள் தொடவில்லை. அதற்குப் பதிலாக, நினைவகத்தில் மாறிய பக்கத்தை முழுதாக அனுப்பாமல் முன்னதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்பும்படி மாற்றினாள். எனக்கு இது புரிந்தது. பேரத்தில் யாரும் முழு விலையைத் திரும்பத் திரும்பச் சொல்வதில்லை. "ரெண்டு குறை", "ஒண்ணு ஏத்து", அவ்வளவுதான்.

மிச்சம் ஒன்பதிலிருந்து ஆறாயிற்று. ஆறிலேயே நின்றது.

"எண்பத்துநாலு."

5

எது இப்படி மாறுகிறது என்று பார்த்தாள். கடலில் இருக்கும் படகுகள் அல்ல. மணலில் ஏற்றிவைத்த படகுகள்.

சங்கத்தின் கட்டுப்பாட்டு அறையில் பெரிய திரை ஒன்று உண்டு. திறப்பு விழா சமயத்தில் சங்கத் தலைவர், படகு விளக்கெல்லாம் கோயில் கொடைக்குப் போட்ட சீரியல் செட் மாதிரி மினுங்க வேண்டும் என்று கேட்டார். ஆவுடைத்தாய்தான் ஒரே மத்தியானத்தில் எழுதிக் கொடுத்தாள். ஒவ்வொரு மினுக்கலுக்கும், கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும், சங்கத்தின் அறுநூற்று நாற்பது படகுக்கும் கடல் வரைபடத்தைத் தனித்தனியாக, புதிதாக வரைந்தது அவள் எழுதியது. விழா முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தாள். விழா முடிந்து இரண்டு வருஷம்.

ஓடும்போது அதில் சில படகுகளை மட்டும் நிறுத்த வழியில்லை, நிறுத்தினால் எல்லாம் நிற்கும். கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டாள். அங்கே பொறுப்பில் இருந்தவள் ஸ்மிதா.

"ஸ்மிதா, திரையில மினுக்கத்த நிறுத்தப் போறேன். கொஞ்ச நேரம்தான்."

"ஐயோ, வேண்டா சேச்சி. இவிடெ படகுக்காரங்க வீட்டுப் பெண்ணுங்க எல்லாம் ஸ்கிரீனைத்தான் நோக்கிட்டு இருக்காங்க."

"விளக்கு போகாது. மினுங்காம நிக்கும், அவ்ளோதான்."

"அதுதானே பிரச்சனை. மினுங்காத லைட்டுன்னா சிக்னல் போயின்னு நம்மளே அல்லே இவங்களுக்குப் படிப்பிச்சது?"

ஆவுடைத்தாய்க்கு அது நினைவிருந்தது. அந்த விளக்கக் குறிப்பையும் அவள்தான் எழுதினாள்.

"கரண்டு போச்சுன்னு சொல்லிரு."

"ஃபேன் ஓடுது சேச்சி."

"எண்பத்தேழு," என்றார் இன்னொரு போனில் பட்டாபி. இந்தமுறை வேடிக்கை எதுவும் சேர்க்கவில்லை.

6

[இந்த இடத்தில் நான் மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். ஆவுடைத்தாய் கட்டுப்பாட்டு அறைப் பெண்களிடம் உருக்கமாகப் பேசுவது போல. உருக்கமாகப் பேச எண்பத்தேழு டிகிரியில் யாருக்கு நேரம்?]

போன் கை மாறியது. வேறு குரல்.

"மோளே, நான் சபீனா. என் மகனும் மருமகனும் ஒரே படகில். நீ என்னவோ நிறுத்தணும்னு சொல்லுது இந்தப் பெண்ணு. எத்தனை நேரம்?"

"நாற்பது செகண்டு, இத்தா." (இத்தா என்றால் அக்கா.)

"நிறுத்தலைன்னா?"

"இருபது நிமிஷம் ஒண்ணுமே தெரியாமப் போயிரும்."

அந்தப் பக்கம் நாற்காலிகள் தரையில் இழுபடும் சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக.

"நாங்க ஸ்கிரீனுக்கு முதுகு காட்டி இருக்கோம். நீ நிறுத்திக்கோ. காணாத வெளிச்சத்துக்கு யாரு அழுவா?"

ஆவுடைத்தாய் நிறுத்தினாள்.

ஆறு. இரண்டு புள்ளி மூன்று. எழுநூறு எம்பி. சூடு எண்பத்தெட்டு. மிச்சம் நூற்றுப்பத்து. சூடு எண்பத்தொன்பது. மிச்சம் பதினெட்டு. ஷட்டர் இறங்கியது. ஒரு விநாடிகூட இல்லை, எதிர்க்கடை திறந்தது. போனில் பட்டாபி என்னவோ ஸ்லோகம் சொல்வது கேட்டது. சொல்லி முடிப்பதற்குள் பழைய பெட்டி அணைந்துவிட்டது.

கடலில் இருக்கும் படகுகளுக்கு மட்டும் மினுக்கலைத் திரும்பப் போட்டாள்.

7

இங்கே முடிவு வேண்டும். என்னிடம் இரண்டு சரக்கு இருக்கிறது.

(அ) நாற்பத்தொன்றும் மினுங்குகின்றன. பட்டாபிக்கு ஒரு காபி.

(ஆ) ஒன்று குறைகிறது. அப்போது ஆவுடைத்தாய் ஆயுசுக்கும் ஒரு கேள்வியோடு இருப்பாள்: அதைக் கொண்டுபோனது கடலா, அந்த நாற்பது விநாடியா?

8

திரையை எண்ணச் சொல்லி ஆவுடைத்தாய் கேட்கவில்லை. பெண்களே எண்ணினார்கள். தலையைத் திருப்பித் தன் வீட்டுப் படகு மினுங்குவதைப் பார்த்தவள் படகின் பெயரைச் சத்தமாகச் சொல்லி நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். ஸ்மிதா ஒவ்வொன்றையும் போனில் எண்ணாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். முப்பது. முப்பத்தாறு. முப்பத்தொன்பது.

"நாப்பது, சேச்சி."

"இத்தா?"

"பாக்கி அவங்க படகுதான். இத்தா இன்னும் திரும்பலை. கண்ணை மூடிட்டு இருக்காங்க."

அன்று வரிசையில் ஆவுடைத்தாய் இந்த இடத்தில்தான் நிறுத்தினாள். குனிந்து கூடையைத் தூக்கினாள்.

ஒரே கணினி ஒரே நேரத்தில் இரண்டு பெட்டியில் ஓடக் கூடாது என்பது அவள் தொழிலில் மாறாத விதி. அங்கே ஓட வேண்டுமானால் இங்கே நின்றாக வேண்டும். இந்தக் கதையிலும் பெரும்பகுதி உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது: சூடு, மணலில் ஏற்றிய படகுகள், முதுகு காட்டிய நாற்காலிகள். மிச்சம் இருப்பது ஒரு விளக்கு. கூடையில் எத்தனை தேங்காய் என்று எனக்குத் தெரியும். சொன்ன வாக்குக்குக் கட்டுப்பட்டவன்.

நான் நிறுத்துகிறேன். சபீனாவின் நாற்காலி உங்கள் பக்கம்தான் இருக்கிறது. மெதுவாகத் திருப்புங்கள்.