உக்காந்தே இரும்மா

மாமா வேலைக்குச் சேர்ந்த வாரம் எங்கள் வீட்டில் அம்மாவுக்கு உட்காரப் பயிற்சி நடந்தது.

அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். புதிதாக ஆள் எடுத்தபோது, தேர்வுக் குழுவில் இருந்த மூவரில் அவளும் ஒருத்தி. வந்தவர்களில் யாராவது சொந்தமா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லையென்று தலையாட்டிவிட்டு, என் அக்கா புருஷனான மாமாவை வேலைக்கு எடுத்துவிட்டாள். மாமாவுக்கு முந்தைய வேலை போனதிலிருந்து, கைக்குழந்தையோடு அவரும் அக்காவும் எங்களோடுதான் இருந்தார்கள். ஆஸ்பத்திரி கொடுத்த இரண்டு அறை வீடு. அம்மாவுக்கு வேலை இருக்கும்வரைதான் வீடும்.

பொய்யைச் சொல்லிவிட்டாள். ஆனால் மாப்பிள்ளையைக் கண்டால் எழுந்து நிற்கும் பழக்கத்தை என்ன செய்வது? கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் அவள் உட்கார்ந்ததில்லை. அக்கா அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தோளை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். மாமா வெளியே போய்விட்டு உள்ளே வருவார்.

"உக்காந்தே இரும்மா. அவர் உனக்கு மாப்பிள்ளை இல்ல, மெஷின்ல துணி போடுற ஆளு."

"மெதுவாடி, அவரு காதுல விழுது" என்றபடியே அம்மா எழுந்துவிடுவாள்.

"அத்தை, நீங்க இப்படி எந்திரிச்சா எனக்குச் சம்பளம் வராது, மாலைதான் வரும்" என்று மாமா சிரிப்பார்.

கடைசியில் அம்மாவே ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலை இடத்தில் அவள் உட்காருவதே இல்லை. சாப்பாடுகூட நின்றுகொண்டுதான். சாயங்காலம் வீங்கிய காலோடு வருவாள். நான் வெந்நீர் வைப்பேன்.

அதே பிரிவில் தினக்கூலியாக இருந்த ஒரு பெண்ணும் அந்த வேலைக்கான தேர்வுக்கு வந்திருந்தாள். வேலை தெரிந்தவள், இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். ஒன்றும் தெரியாத ஆளை எப்படி எடுத்தார்கள் என்று அவள் புகார் கொடுத்துவிட்டாள். அம்மா அவளைத் திட்டவில்லை. அவள் வயிறு எரியாதா என்று மட்டும் சொன்னாள்.

விசாரணைக்கு அதிகாரி வந்த அன்று நான் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். கண்ணாடிக் கதவு பாதி திறந்திருந்தது. அவர் அம்மாவை உட்காரச் சொன்னார். எத்தனை முறைதான் மறுப்பாள், உட்கார்ந்தாள். சொந்தமில்லை என்று மறுபடியும் சொன்னாள். அவர் ஆள் அனுப்பி மாமாவை வரவழைத்தார்.

மாமா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே நுழைந்தார். அம்மா எழுந்துவிட்டாள்.

"ஏம்மா எந்திரிச்சீங்க?"

"கால் மரத்துப்போச்சு சார்."

அதிகாரி அவளை மறுபடி உட்காரவைத்தார். மாமாவை வெளியே போய்த் திரும்பி வரச் சொன்னார்.

அம்மா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பற்றினாள். மாமா ஒரு காலை மட்டும் உள்ளே வைத்து, தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். உட்காரு அம்மா, உட்காரு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நான் சாப்பாட்டுப் பையின் காதை முறுக்கினேன். அம்மாவின் கை நரம்பு புடைத்தது. அப்படியே எழுந்தாள். முந்தானையையும் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"பொண்ணைக் கட்டினவரா?" என்றார் அதிகாரி, மெதுவாக.

அம்மா தலை குனிந்தாள்.

"முதல்லயே சொல்லியிருந்தா உங்களை மட்டும் தேர்வுலேர்ந்து விலக்கியிருப்போம். அவ்வளவுதானேம்மா? இப்ப ரெண்டு பேரையும் அனுப்பணும்."

பொய் சொன்னது நான்தான், அவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று அம்மா கும்பிட்டாள். எடுத்ததே தவறு, எப்படி விட முடியும் என்றார் அவர். மாதக் கடைசிக்குள் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அன்று சாயங்காலம் அம்மா சுவரில் சாய்ந்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வைத்த வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது. வாசலில் மாமாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா பதறி அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா அசையவில்லை.

மாமா உள்ளே வராமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"அத்தை, எந்திரிங்க அத்தை."

"எந்திரிச்சு எங்க போறது மாப்பிள்ளை?" என்றாள் அம்மா.