பெயர்மேல் ஒட்டிய காகிதம்

உயர்கல்வி ஆய்வு மையத்துப் பேராசிரியருக்கு ஒரு பிடிவாதம். எந்தக் கல்வி நிறுவனத்தின் விவரம் வந்தாலும், முதல் வேலையாக அதன் பெயர்மேல் காகிதத் துண்டு ஒட்டச் சொல்லிவிடுவார். பெயர் கண்ணில் பட்டால் மனசு ஒரு பக்கம் சாயுமாம். இப்படித்தான் காலமெல்லாம் ஆய்வு, கற்பித்தல், தொழிற்பயிற்சி என்று நாட்டின் நிறுவனங்களை வகை பிரித்தார். இது வகைதான், தரவரிசை இல்லை என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் யார் காதில் ஏறியது? ஊருக்கு ஆய்வு என்றால் மேல்மாடி, கற்பித்தல் என்றால் மாடிப்படிக்கு அடியில்.

இந்த முறை வேலையெல்லாம் முடித்துத் துண்டுகளை உரித்தபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆய்வு வகையிலிருந்து கற்பித்தலுக்கு அவர் மாற்றியிருந்தது, மகள் கணிதம் நடத்தும் பல்கலைக்கழகம்.

பட்டியல் வெளியான அன்றே அதன் துணைவேந்தர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்.

"ஆய்வு வகைக்கான வரம்பைக் கொஞ்சம் இறக்குங்க மேடம், போதும். உங்க பொண்ணும் இங்கதானே இருக்காங்க?"

"அதனாலதான் சார் இறக்க முடியாது."

துணைவேந்தருக்கே அசராதவருக்கு மகள் முகத்தைப் பார்க்கப் பயம்.

சாயங்காலம் மகள் வந்து பையை நாற்காலியில் எறிந்தாள்.

"எங்களக் கவுத்துட்டியேம்மா! ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தர் என்கூட டீ குடிக்கல."

"பேரு மறைச்சிருந்துச்சுடி. தெரிஞ்சிருந்தாலும் அங்கதான் வெச்சிருப்பேன்."

"அப்படி என்ன கண்ட எங்ககிட்ட?"

பேராசிரியர் அந்த விவரத்தாளை எடுத்து நீட்டினார். முதலாண்டுக் கணிதத்தில் தோற்றவர்கள் அநேகமாக எல்லாரும் அடுத்த ஆண்டே தேறி, பட்டமும் வாங்கிப் போயிருந்தார்கள். வேறெங்கும் அப்படி இல்லை. பக்கத்தில் பென்சிலால் அவர் கையெழுத்து: 'இங்கே யாரோ அற்புதமாகப் பாடம் நடத்துகிறார்கள்.'

மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்குவது குதிரைக்கொம்பு என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"யாருன்னு தெரியாமயா எழுதுன?"

"சத்தியமா தெரியாது."

"தோத்த பசங்க வகுப்பு என்னோடதும்மா. நான் மட்டுந்தான் எடுக்கறேன்."

பேராசிரியர் பெருமையோடு தன் பென்சில் வரியை எட்டிப் படித்தார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள்.

"இதுல ஒரு நகல் குடு. ஸ்டாஃப் ரூம் கதவுல ஒட்டப்போறேன். பேரை மறைக்காம."