துளசி கிளம்பும்போது சொன்னது

1

நான் கதை எழுத உட்காரவில்லை. பண்டிகை நாளில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகும் பிள்ளைகள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள், என் மகளின் பள்ளி மலருக்கு. அதன் முதல் வரி இன்னும் கணினியில் கிடக்கிறது:

மரியாதை என்பது

அதற்கு மேல் போகவில்லை. தீபாவளியன்று நடந்தது குறுக்கே வந்து நின்றுவிட்டது.

நான் அதிகம் பேசாதவன். வீட்டுக்கு ஆள் வந்தால் புத்தகத்தோடு பின்னறைக்குப் போய்விடுவேன். துளசிக்கு ஆறு வயது. அவளாவது நாலு பேரிடம் நன்றாகப் பேச வேண்டும் என்று, எனக்கு வாய்க்காத வாக்கியங்களையெல்லாம் நானே அவளுக்குக் கற்றுக்கொடுத்தேன். வேடிக்கைதான்.

2

பண்டிகைக்கு முந்தின வாரம் தினமும் ஒத்திகை. என் மனைவி புனிதாதான் எல்லாச் சொந்தக்காரர்களும்.

“யார்லா இது? இப்படிக் கறுத்துப் போய்ட்ட?”

“நல்லா இருக்கேன் அத்தை. நீங்க நல்லா இருக்கீங்களா?”

“இன்னும் ரெண்டு முறுக்கு சாப்புடு.”

“போதும் அத்தை. நல்லா இருந்துச்சு.”

“அப்பன் வாயே தெறக்க மாட்டான், மக இந்தப் போடு போடறாளே!” என்று புனிதா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாள்.

அங்பாவை, அந்தப் பண உறையை, இரண்டு கையாலும் வாங்கு, கொடுத்தவர் முன்னால் பிரிக்காதே. எப்ப வருவ என்று கேட்டால் ‘பாக்கலாம்’ என்று நழுவாதே, ஒரு நாளைச் சொல். கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லவே கூடாது. ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

(இந்தக் கடைசிப் பாடத்துக்கு ஒரு விலக்கு உண்டு. துக்கம் நடந்த வீட்டில் அதைச் சொல்லக்கூடாது. எங்கள் பக்கம் ஒரு வருஷம் வரைக்கும் அப்படித்தான். சொன்னால் இன்னொரு துக்கத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். பேசாமல் எழுந்து வெளியேற வேண்டும். இதை எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை, பார்த்துப் பழகியது. அதனால்தானோ என்னவோ, துளசிக்குச் சொல்லித்தர வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.)

3

தேயிலைச் சரிவெங்கும் மூடுபனி

இந்த வரியை அடித்துவிட்டேன். அன்று நல்ல வெயில்.

என் அண்ணன் புவனேஸ்வரன் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில், இருக்கிறார். அவருடைய ஒரே மகன் ஷர்வின் ஏப்ரலில் மோட்டார் விபத்தில் போய்விட்டான். அந்த வீட்டில் இந்த வருஷம் தீபாவளி இல்லை. அப்படிப்பட்ட வீட்டுக்கு மற்றவர்கள்தான் பலகாரம் கொண்டுபோக வேண்டும். கருமாதிக்குப் பிறகு நான் அங்கே போகவில்லை. நாங்கள் இருக்கும் தானா ராத்தாவிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகாது.

புனிதா மாசமாக இருக்கிறாள். துக்க வீட்டுக்குள் வரக்கூடாது என்று மேலே சாலையில் நிறுத்திய காடிக்குள்ளேயே இருந்துவிட்டாள்.

“ரோட்டுல ஜாமா?” என்றார் அண்ணன்.

“ஆமாண்ணே.”

அவ்வளவுதான். மௌனம் எனக்குப் பிடித்த விஷயம். அன்று இருந்த மௌனம் பிடிக்கவில்லை. அண்ணி குமுதா பலகாரத் தட்டை வாங்கி ஷர்வின் படத்துக்கு முன்னால் வைத்தார். துளசி மட்டும் பாடம் பிசகாமல், “நல்லா இருக்கீங்களா பெரியம்மா?” என்று கேட்டாள்.

“இருக்கேன்மா.”

நான் எழுந்தேன். அண்ணனும் எழுந்தார். யாரும் எதுவும் சொல்லவில்லை. வாசல்படியில் துளசி திரும்பி, இரண்டு கையையும் கூப்பி, மேடையில் சொல்வதுபோல் சத்தமாகச் சொன்னாள்:

“போயிட்டு வர்றேன் பெரியம்மா!”

பக்கத்து வீட்டு வடிவம்மாள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினார். “அடி பாவி, என்ன வார்த்தடி சொல்லிட்ட!”

அண்ணன் கதவைப் பிடித்த கை பிடித்தபடியே நின்றது. 

“கைய எடுங்க,” என்றார் அண்ணி.

கை விலகியது. அண்ணி குனிந்து துளசியின் முகத்துக்கு நேராக வந்தார்.

“எப்ப வருவ?”

“ஞாயித்துக்கெழம.”

“காரம் சாப்புடுவியா?”

“கொஞ்சமா.”

அண்ணி எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னார்: “இத்தன மாசமா எவ்ளோ பேரு வந்தாங்க. ஒருத்தராச்சும் சொல்லிட்டுப் போகல. எந்திரிச்சு எந்திரிச்சுப் போய்ட்டாங்க. நானும் ஆளில்லாத வீடுன்னுதான் நெனச்சிக்கிட்டேன்.”

(முதல் வரைவில் இங்கே அண்ணி அழுததாக எழுதியிருந்தேன். அவர் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.)

4

நேற்று புனிதா இதுவரைக்கும் படித்தாள்.

“வடிவம்மா எங்கேருந்து வந்தாங்க? அவங்கதான் தீபாவளிக்கு மக வீட்டுக்கு ஈப்போ போய்ட்டாங்களே.”

“கதைதானே.”

“அப்ப புள்ள வாயப் பொத்துனது யாரு?”

நான் கணினியை மூடப் போனேன்.

“ஏங்க. யாரு?”

வடிவம்மாளை அங்கே கொண்டுவந்து நிறுத்தியபோது, கதையில் கொஞ்சம் பரபரப்பு வேண்டும் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

“நீங்களா?” என்றாள் புனிதா. “பாவின்னும் நீங்கதான் சொன்னீங்களா?”

“வார்த்த இல்ல. கை மட்டும்தான்.”

புனிதா நெடுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதான்,” என்றாள் கடைசியில். “மார்க்கெட்ல பூக்காரரு பேரு கேட்டப்ப, புள்ள பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்க கையப் பாத்துச்சு. நான் ஏன்னு புரியாம நின்னேன்.”

நானும் அதைப் பார்த்தேன். எனக்குப் புரிந்தது.

5

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலையில் அண்ணி போன் செய்தார். வருவீர்களா என்று கேட்கவில்லை. “தம்பி, பாப்பாவுக்குக் கோழி புடிக்குமா?” என்று மட்டும் கேட்டார்.

புனிதா சொல்கிறாள்: “உங்க அண்ணி மேல எனக்கென்ன கோவம்? வயித்துல ஒண்ணு இருக்குதுலா. இதுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, துளசி சொன்ன அந்த வார்த்ததான் என் மண்டைக்குள்ள ஓடும். அவ மொகத்தப் பாக்கறப்பல்லாம் ஓடும். வேணாங்க. பொறக்கட்டும். அப்புறம் போவோம்.”

அவளைப் பழைய காலத்து ஆளாக எழுதி முடித்துவிடலாம். எழுத மனம் வரவில்லை. அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. இல்லாவிட்டால் என் கை ஏன் துளசியின் வாய்க்குப் போயிற்று?

முடிவு ஒன்று: போகிறோம். துளசி சாப்பிடுகிறாள். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறார். பிரசவம் வரைக்கும் புனிதா தூங்கமாட்டாள்.

முடிவு இரண்டு: துளசிக்குக் காய்ச்சல் என்று போனில் சொல்கிறேன். “பரவால்ல தம்பி” என்கிறார் அண்ணி. பக்கத்தில் நின்று கேட்கும் துளசி என்னிடமிருந்து இன்னொரு பாடம் படிக்கிறாள்.

முடிவு மூன்று:

துளசி வந்து நிற்கிறாள். சப்பாத்து போட்டுவிட்டாள், நாடா மட்டும் கட்டவில்லை. முதலில் என் கையைப் பார்க்கிறாள். இரண்டும் விசைப்பலகை மேல் இருக்கின்றன. அதனால் கேட்கிறாள்:

“அப்பா, பெரியம்மா வீட்டுலேருந்து கெளம்பறப்ப என்ன சொல்லணும்?”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. புனிதாவும் காத்திருக்கிறாள்.

பண்டிகைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள்தானே நீங்களும்? என் கைகளை அவள் கண்ணில் படாமல் மேசைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். அப்புறம் என்னால் எழுத முடியாது. மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்:

துளசி, கிளம்பும்போது நீ