பலகையில்லாத பக்கம்

கூடைப்பந்து இறுதிப்போட்டியின் மூன்று ஆட்டங்களில் முதலாவது ஆட்டம் தோற்ற பின்னேரம், நெல்லியடியில் உடை மாற்றத் தந்த வகுப்பறைக்குள் இருந்தவர்கள்: பயிற்சியாளர் கதிரவேலு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், தோற்றால் குரலைத் தாழ்த்திக் கதைப்பவர். கழகச் செயலாளர் தியாகராசா, எந்தக் கூட்டத்திலும் நன்றியுரை சொல்லுகிறவர். செந்தூரன், பந்தைத் தட்டிக்கொண்டு போய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பவன். ஜெயதீபன், இருபது வயது, மாற்று ஆட்டக்காரரின் வாங்கில் இருந்து இருந்து அலுத்தவன். நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னும் ஏழு பேர். கடைசியாக றோகான், முப்பத்தெட்டு வயது, வலது முழங்காலில் ஐஸ் பை.

அறுபத்தெட்டுக்கு ஐம்பத்தொன்று. கொக்குவில் கழகத்துக்குப் பதினெட்டு வருடமாகப் புள்ளி எடுத்துக் கொடுத்த றோகானின் கையிலிருந்து போன பந்துகளில் ஐந்தை, நெல்லியடியின் பிரணவன் காற்றிலேயே அடித்து விழுத்தினான். ஆறடி நாலங்குலப் பெடியன். ஐந்தாவதை அடித்துவிட்டு, "அண்ணை, பென்ஷன் பேப்பர் இன்னும் வரேல்லையோ?" என்று மரியாதையாகவே கேட்டான். கொக்குவில்காரர் பஸ் ஏறுவதற்குள் அந்த அடி, பாட்டுப் போட்ட வீடியோவாக ரிக்ரொக்கில் வந்துவிட்டது.

"ஞாயிற்றுக்கிழமை ஜெயதீபன் தொடங்கட்டும். நீ வாங்கிலை இரு, றோகான்" என்றார் கதிரவேலு. ஒருவருக்கும் கேட்காத குரல். எல்லோருக்கும் கேட்டது.

தியாகராசா தொண்டையைச் செருமினார். "மூண்டாவது மட்ச் வந்தா, இடைவேளையிலை உனக்கொரு பொன்னாடை போர்ப்பம் தம்பி. பதினெட்டு வருசம் எண்டா சும்மாவே?"

"அண்ணை, நான் இன்னும் சாகேல்லை."

சிலர் சிரிப்பை அடக்கினார்கள். றோகானுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு இறுதிப்போட்டி விளையாடியிருக்கிறான், நாலிலும் தோல்வி. இதில் இரண்டு ஆட்டம் வென்றால் கோப்பை. கழகம் கோப்பை எடுக்கிற நாளில், காய்ந்த சேட்டோடு வாங்கில் இருந்து கைதட்டுகிறவனாக இருக்க அவனால் ஏலாது. அதைவிடத் தோற்றாலும் பரவாயில்லை என்று ஒரு நிமிடம் நினைத்தான். கேவலமான நினைப்பு என்று தெரிந்தும் நினைத்தான்.

"சேர், பத்து நிமிசம் தாங்கோ. சரிவராட்டி ஜேர்சியை நானே கழட்டித் தாறன். பிறகு கழகத்துப் பக்கம் வரமாட்டன்."

கதிரவேலு கணக்குப் பார்ப்பவர்போல் அவனையும் ஐஸ் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "பத்து" என்றார்.

வீட்டில் றோகானின் மனைவி நிஷானி அந்த ரிக்ரொக்கை மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பெண்கள் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியை. நெற்போல் என்று பெண்கள் விளையாடுகிற வலைப்பந்தில் ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குக் கோல் எறிந்தவள்.

"இதை ஏன் பாக்கிறீர்? நிப்பாட்டும்."

"நீங்கள் ஏன் துள்ளுறியள்?"

"துள்ளாமல் என்னெண்டு எறியிறது?"

"துள்ளுறதுக்குக் கால் வேணும். உங்களிட்டைக் கிடக்கிறது பாதிக் கால். அரை அடி எழும்புறியள், அவன் மூண்டடி எழும்புறான். எங்கடை பிள்ளையள் ஆரும் துள்ளி எறியிறேல்லை. வளையத்துக்குப் பின்னாலை பலகையும் இல்லை எங்களுக்கு. நிண்ட இடத்திலை நிண்டு, தலைக்கு மேலை தூக்கி, வானத்தைப் பாத்து விடுறது. நேர மேலை போய் நேர கீழை விழும்."

"நெற்போல் எறியச் சொல்லுறீரோ என்னை?"

"இல்லை, வாங்கிலை இருந்து கச்சான் சாப்பிடுங்கோ."

மறுநாள் காலை ஆறு மணிக்கு றோகான் அவளுடைய பாடசாலை வலைப்பந்துத் திடலில் நின்றான். பதினேழு வயதுக்குக் கீழ்ப்பட்ட அணி முழுவதும் வரிசையாக நின்று அவனைப் பார்த்தது. கம்பம், வளையம், பின்னால் வெறும் ஆகாயம். உயரம் அதே பத்தடிதான். ஆனால் வளையத்தின் வாய் கூடைப்பந்து வளையத்தைவிடச் சின்னது. தன் பெரிய பந்தை எடுத்து எறிந்தான். கம்பத்தைத் தாண்டிப் போய் மதிலில் பட்டது. பதினெட்டு வருடமாகப் பலகையில் ஒரு புள்ளியைப் பார்த்து எறிந்த கண்ணுக்கு இப்போது பார்க்க ஒன்றுமில்லை.

இரண்டாவதுக்குப் பழக்கத்தில் பந்தோடு ஓரடி முன்னே வைத்தான்; வலைப்பந்தில் அது பிழை.

"ஸ்டெப்பிங், மிஸ்! சேர் நடந்திட்டார்!" என்று கத்தினாள் கோபிகா, அணியின் தடுப்பாளர். முழு அணியும் வயிற்றைப் பிடித்துச் சிரித்தது.

நாற்பது எறிந்தான், ஆறு விழுந்தது. அடுத்த நாள் நாற்பதுக்குப் பதினேழு. மூன்றாம் நாள் கோபிகாவை முன்னால் நிற்பாட்டினாள் நிஷானி. வலைப்பந்தில் தடுப்பவர் மூன்றடி தள்ளி நிற்க வேண்டும். "அந்தப் பெடியன் மூண்டடி தள்ளி நிக்கமாட்டான், கிட்டப் போ" என்றாள். கோபிகா மூக்குக்கு முன்னால் வந்து கையைத் தூக்கித் துள்ளினாள். பந்து அவள் விரல்களுக்கு மேலால், ஒருவரும் தொடமுடியாத உயரத்தில் ஏறி, விழுந்தது. வளையத்தின் இரும்புகூடத் தட்டுப்படவில்லை.

றோகான் திரும்பி மனைவியைப் பார்த்தான். அவள் விசிலை வாயில் வைத்தபடி அடுத்த பந்தைக் காட்டினாள்.

இரண்டாவது ஆட்டம் கொக்குவிலில். மூன்றாம் கால்பகுதியில் ஜெயதீபனுக்கு நாலு பவுல் விழுந்ததும், ஐந்தானால் வெளியே என்பதால், கதிரவேலு விரலை மடக்கி றோகானைக் கூப்பிட்டார். றோகான் இறங்கினான். வளையத்துக்குக் கிட்டப் போய் நின்றான், பந்து வந்தது, விசில் ஊதியது. வளையத்துக்கு முன்னால் கோடு கிழித்த பெட்டிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. இது பதினைந்து வயதில் படித்த விதி. நாலு நாள் வலைப்பந்து அதை மறக்கப் பண்ணிவிட்டது. அடுத்த முறையும் நின்றான், அடுத்த முறையும் ஊதியது. நெல்லியடிக்காரர் எழும்பி நின்று கூவினார்கள். கதிரவேலு மணிக்கூட்டைப் பார்த்தார். பத்தில் மூன்று நிமிடம் போய்விட்டது.

அப்போதுதான் றோகான் பெட்டியை விட்டு வெளியே வந்தான். எங்கே போவது? கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில், வளையத்துக்குப் பக்கவாட்டாக ஓர் இடம் கிடந்தது. அங்கிருந்து பார்த்தால் பலகையின் விளிம்பு மட்டும்தான் தெரியும், ஒரு கோடுபோல. பலகை உதவாத இடம் என்று எவனும் அங்கிருந்து எறிவதில்லை. எவனும் எறியாததால் எவனும் காவல் நிற்பதுமில்லை.

"செந்தூ! இஞ்சை!"

செந்தூரன் நம்பாமல்தான் போட்டான். றோகான் துள்ளவில்லை. தலைக்கு மேல் தூக்கி விட்டான்.

ஒரு கணம் மைதானம் முழுவதும் அண்ணாந்து பார்த்தது. பிறகு வலை அசைந்தது.

"டேய், நெற்போலடா!" என்று யாரோ கத்த, சிரிப்பு வெடித்தது. இரண்டாவது விழ, சிரிப்பு குறைந்தது. நாலாவது விழ, கொக்குவில் பக்கத்தில் தகர மதிலில் ஏறி அடிக்கத் தொடங்கினார்கள். ஐம்பத்தொன்பதுக்கு ஐம்பத்தாறு, கொக்குவில் வென்றது. பத்து நிமிடத்தைப் பற்றிக் கதிரவேலு பிறகு வாயே திறக்கவில்லை.

மூன்றாவது ஆட்டம் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், இரண்டு ஊருக்கும் பொதுவான ஒரு பாடசாலைத் திடலில். பலாலி வீதி வரைக்கும் மோட்டச்சைக்கிள்கள். பல்கலைக்கழகக் கம்பஸ் பெடியள் மரங்களில் தொங்கினார்கள். றோகான் தொடக்கத்திலேயே இறங்கினான். இந்த முறை பிரணவன் அந்த மூலையில் அவனுக்கு முன்னமே வந்து நின்றான்.

"அக்கா, பந்து வேணுமோ?" என்றான்.

"ஓம் தம்பி. தள்ளி நில், மூண்டடி" என்றான் றோகான், எறிந்தான். பிரணவன் துள்ளினான். விரலுக்கு ஒரு சாண் மேலால் போனது பந்து. இன்னொன்று. இன்னொன்று. பிறகு இரண்டு பேர் வந்து றோகானை மறித்தார்கள். இரண்டு பேர் இவனிடம் வந்தால் அங்கே ஒருவன் சும்மா நிற்பான், அது ஜெயதீபன். றோகான் அவனுக்குத் தட்டிவிட்டான். ஜெயதீபன் காற்றைக் கிழித்துக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, "அண்ணை, இன்னொண்டு!" என்று கத்தினான்.

இடைவேளையில் தியாகராசா ஒலிவாங்கியும் பொன்னாடையுமாக நடுத்திடலுக்கு வந்தார். றோகான் வேர்வை வழிய ஓடிப்போய்க் கழுத்தை நீட்டினான். "கெதியாப் போடுங்கோ அண்ணை, தண்ணி குடிக்கோணும்." நன்றியுரை இரண்டு வரியில் முடிந்தது. அவர் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை.

கடைசி நிமிடம். ஐம்பத்தொன்பது, அறுபது, அறுபத்தொன்று. ஒருவரும் இருக்கவில்லை, எல்லோரும் நின்றார்கள். அறுபத்தொன்றுக்கு அறுபத்தொன்று என்று நிற்க, மூலையில் றோகானுக்குப் பந்து வந்தது. பிரணவன் இம்முறை துள்ளவில்லை. படித்துவிட்டான். நெஞ்சோடு நெஞ்சாக ஒட்டி நின்றான். றோகான் தூக்கும்போது அவன் இடித்தான். பந்து வெளியே போனது. விசில். பவுல். ஒருவரும் மறிக்கக் கூடாத இரண்டு பிறீ த்ரோ, இரண்டு விநாடி மிச்சம்.

எறிகிற கோடு வளையத்திலிருந்து பதினைந்தடி. நிஷானியின் எறிவை அவன் எட்டடிக்கு அப்பால் பழகியதில்லை. அதனால் முதலாவதைப் பழைய மாதிரி, பலகையைப் பார்த்து எறிந்தான். கால் தள்ளவில்லை. வளையத்தின் முன் விளிம்பில் பட்டுத் திரும்பியது. நெல்லியடிப் பக்கம் வானம் பிளக்கக் கத்தியது.

"அக்கா, மற்றதையும் விடுங்கோ!" என்றான் பிரணவன்.

கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் வேறாகக் கேட்டது. பாடசாலைத் திடலில் அறுபது பிள்ளைகளுக்குக் கேட்கக் கத்திப் பழகிய குரல். "மடக்குங்கோ! முழுசா மடக்குங்கோ!"

முழங்காலை. இந்த இரண்டு வாரமும் அவன் அதைப் பாதிதான் மடக்கினான், அதற்குமேல் நொந்தது. எட்டடிக்குப் பாதி போதும். பதினைந்துக்குப் போதாது. மடக்கினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பந்தைத் தலைக்கு மேல் தூக்கினான். மடக்கினான், முழுதாக. உள்ளே எதுவோ சடக்கென்றது. நிமிர்ந்தபடி விட்டான்.

பந்து விளக்குக் கம்பங்களுக்கு மேலே போனதாகப் பிறகு சத்தியம் பண்ணினவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு போகவில்லை. ஆனால் திரும்பி வர நேரம் எடுத்தது. வந்தபோது வளையத்தின் நடுவால் வந்தது.

பிரணவன் பந்தைப் பிடித்து அரைத்திடலிலிருந்து வீசினான். அது பலகையின் மேல் விளிம்பில் பட்டு வெளியே தெறிக்க, முடிவுச் சங்கு ஊதியது.

அதன் பிறகு நடந்தது எதுவும் ஒழுங்காக இல்லை. மரத்திலிருந்து பெடியள் விழுந்தார்கள். கதிரவேலு குரலை உயர்த்தினார். றோகான் போட்ட கோட்டிலேயே ஒற்றைக் காலில் நின்று கத்திக்கொண்டிருந்தான், என்ன கத்துகிறான் என்று அவனுக்கே தெரியாது. தூக்க வந்தவர்களை நிஷானி தோளால் இடித்து விலக்கினாள். அவளும் செந்தூரனுமாக அவனை இழுத்துக்கொண்டு போய் விளையாட்டுச் சாமான் அறைக்குள் மேசையில் இருத்தினார்கள். முழங்கால் பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது.

யன்னலில் முகங்கள். "அண்ணையை விடுங்கோ! கோப்பை தூக்கோணும்!"

"நான் போறன். ரெண்டு நிமிசம், நிஷா."

"எந்தக் காலாலை?"

அவன் காலை நிலத்தில் வைத்துப் பார்த்தான். முகம் வெளிறியது. ஆனாலும் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டேயிருந்தான், யன்னலில் ஆட்கள் நின்றார்கள்.

"செந்தூ, நீ போய்த் தூக்கு. ஜெயதீபனையும் பிடிக்கச் சொல்லு."

"நீங்கள் இல்லாமலோ அண்ணை?"

"நான் விளையாடினனான்தானே. போடா."

செந்தூரன் வெளியே போனான். நிஷானி யன்னலைச் சாத்தினாள். அதுவரைக்கும் பிடித்து வைத்திருந்த வலிச் சத்தம் றோகானின் வாயிலிருந்து வந்தது. அவள் செந்தூரனுக்குப் பின்னால் கதவையும் அடித்துச் சாத்தி, பூட்டில் திறப்பை இரண்டு தரம் திருகினாள்.