மஞ்சள் பொட்டில்லாத புத்தகம்

முனியப்பனுக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. அந்த மனுசர்தான் மூன்று மாதமாகத் தன் மகள் சின்னத்தாயிக்குப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பிறவியிலேயே பார்வையில்லாத அவள், அடுத்தவர் வாசிக்கக் கேட்டுக் கேட்டே பி.ஏ., பி.எட். முடித்தவள். சேலத்துச் சங்கம் ஒன்று அவளுக்குப் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிற பெட்டி ஒன்றை இரவலாகக் கொடுத்திருந்தது. கண்ணாடியின் மேல் அச்சடித்த பக்கத்தைக் கவிழ்த்தால் போதும், சளி பிடித்த வெள்ளைக்காரனைப் போல அது இங்கிலீஷில் வாசிக்கும். தமிழ் அதற்கு ஆகாது, கையெழுத்தும் ஆகாது.

பக்கம் வைக்கிற வேலையை மட்டும் முனியப்பன் யாருக்கும் விட்டுத்தரமாட்டார், மகளுக்கும்தான். பெட்டி ஒழுங்காக வாசிக்கிறது என்று அவள் சொன்னதும், காப்பி மூட்டைக்கு அடையாளம் வைப்பதுபோல அந்தப் புத்தகத்தின் மேல்மூலையில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்துவிடுவார். அதன்பிறகு எது தலை, எது கால் என்று அவருக்குக் குழப்பமே கிடையாது.

இன்று ஏற்காட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கள் ஊரான மஞ்சக்குட்டையிலிருந்து பெட்டியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்திருந்தார் முனியப்பன்.

"கேட்டதுக்கெல்லாம் நல்லாத்தான் பதில் சொல்றே. ஆனா புள்ளைங்க புத்தகத்தை எப்படிப் படிப்பே?" என்ற தலைமையாசிரியை சாந்தாமேரி, அலமாரியிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து நடுப்பக்கத்தைப் பிரித்து நீட்டினார்.

முனியப்பன்தான் முந்திக்கொண்டு வாங்கினார். பொட்டு இல்லை. படம்கூட இல்லை. தெரியாது என்று சொல்ல வாய் வராமல் குத்துமதிப்பாகக் கவிழ்த்தார். பெட்டி கன்னாபின்னாவென்று உளறியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு டீச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடப் பாவி மனுசா, புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே என்று முனியப்பன் தன்னையே வைதுகொண்டார்.

"தலைகீழா இருக்குதுங்கப்பா. எங்கிட்டக் குடுங்க."

அவள் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தை விரலால் தடவிச் சரிபார்த்துக் கண்ணாடியில் அழுத்தினாள். பெட்டி வாசித்தது. பத்தி முடிந்ததும் நிறுத்தி, அதன் அர்த்தத்தைச் சொல்லி, எதிரே பிள்ளைகள் இருப்பதுபோல ஒரு கேள்வியும் கேட்டாள்.

"இனி நானே வெச்சுக்குவனுங்க மேடம். தப்பா வெச்சா அது உளறும். எனக்குத்தான் காது நல்லாக் கேக்குதுங்களே."

சாந்தாமேரி கையைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கத்தையும் முழுசாகக் கேட்டார். வேலையற்றுப்போன தன் கைகளை எங்கே வைப்பதென்று முனியப்பனுக்குத் தெரியவில்லை. இந்த மலையிலே என் மகளைப்போல ஒருத்தி உண்டா என்று எழுந்து கேட்க வேண்டும்போல இருந்தது. எப்படியோ அடக்கிக்கொண்டார்.

பெட்டியைச் சுற்றிக் கட்டி வெளியே காத்திருந்தார்கள். சாயங்காலம் கிளார்க் வந்து, ஒட்டிய உறை ஒன்றைக் கொடுத்தார். முடிவை உள்ளே இங்கிலீஷில் டைப் அடித்து வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு ஆபீசைப் பூட்டிக்கொண்டு போனார்.

ஜீப் நிற்கிற ஒண்டிக்கடை முக்கில் டிரைவர் சுப்பிரமணி உறையைப் பார்த்துவிட்டான். அவன் பத்தாவது வரை படித்தவன்.

"குடுங்க மாமா, ஒரு நிமிசத்துல படிச்சுச் சொல்லீர்றேன்."

உறை பாதிதூரம் அவன் பக்கம் போனது. முனியப்பன் மகளைப் பார்த்தார். அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"வேண்டாஞ் சாமி," என்று உறையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "ஊட்டுக்குப் போயி எம் புள்ள படிச்சுச் சொல்லும்."

ஜீப் கிளம்பியது. ஊரில் கரண்டு இருக்க வேண்டுமே என்று, பெட்டியை மடியில் அணைத்தபடி, வழியில் தெரிந்த ஒவ்வொரு வீட்டு விளக்கையும் அவர் பார்த்துக்கொண்டே போனார்.